நாணயம் பார்த்து வாங்கவும்

சிகாமட்,
யுவ வருஷம், கார்த்திகை மாதம் 12ஆம் தேதி.

மகா ராஜராஜஸ்ரீ மைத்துனர் அய்யாவு அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற ரப்பர் தோட்டத்துப் பால் கிராணி காளியப்பன் இரு கரம் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் க்ஷேமம், தங்கள் தங்கை அங்கம்மா க்ஷேமம், எங்கள் மகள் செல்லம் க்ஷேமம், கோழிகள்கூட க்ஷேமம். தாங்கள் வாங்கச் சொன்ன காசு ஒன்றுதான் க்ஷேமமாக இல்லை. அவ்விடத்தில் தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் மகன், என் மருமகப்பிள்ளை மனோகரனும் சுகமாக இருக்கவும், முக்கியமாக இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் தாங்கள் சுகமாகவே இருக்கவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்த இடத்தில் ‘நிற்க’ என்று எழுதுவது வழக்கம். தாங்கள் மட்டும் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும்.

தீபாவளிக்கு நாங்கள் ஜொகூர் பாருவுக்குத் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பந்தியில் தாங்கள் சொன்ன வார்த்தை இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. செல்லத்துக்கும் மனோகரனுக்கும் கல்யாணம் என்ற பேச்சை அங்கம்மா மெதுவாக எடுத்தாள். தாங்களோ நான் வாங்கிய சாமான்களின் சரித்திரத்தை எடுத்தீர்கள். முனியாண்டி பூசைக்கு நான் கறுப்பு ஆடு என்று பிடித்துவந்தது வழியில் மழையில் நனைந்து வெள்ளாடாகவே வெளுத்துப்போனதும், நான் ஆசையாக வாங்கிய சுவர்க் கடிகாரம் மணி மட்டும் அடித்துக்கொண்டு முள்ளை நகர்த்த மறுத்ததும், ஒன்று விடாமல் பந்தியில் வந்தன. பொருள் பார்த்து வாங்கத் தெரியாதவன் செல்லாக்காசு, செல்லாக்காசு வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். செல்லம் அப்பளத் தட்டோடு அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு மனோகரன் மேல் எவ்வளவு ஆசை என்பது தங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு வீட்டுக் கோழிக்கும் தெரியும். மனோகரனுக்கு மட்டும் தெரியுமோ தெரியாதோ.

அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் நான் பேச்சியம்மாளின் காசைப் பற்றி வாயைத் திறந்தேன். சிகாமட் ரயிலடியில் ஆப்பம் சுட்டு விற்கும் பேச்சியம்மாளைத் தாங்கள் பார்த்ததில்லை. போன மழைக்கு ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்து போன பிறகு, அந்த அம்மாள் அடுப்படிச் சேற்றை வழிக்கும்போது எட்டு மூலை உள்ள ஒரு சின்னக் காசு கிடைத்ததாம், ஒரு பக்கம் முழுக்க மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தாம் என்று சொன்னேன். பழைய காசுகளைப் பட்டுத் துணியில் முடிந்து பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்திருக்கிற தாங்கள், அதைக் கேட்டதும் எச்சில் கையோடு எழுந்துவிட்டீர்கள். பழைய ஜொகூர் ராஜாக்கள் காலத்துப் பொன் காசாக இருக்கலாம், என் பெட்டியில் அது ஒன்றுதான் இல்லை என்றீர்கள். இருபத்தைந்து வெள்ளிப் பணத்தை என் சட்டைப் பையில் வைத்து, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாகக் கடிதம் எழுதுகிறேன், அது வரும் வரைக்கும் ஆப்பம் தின்றுவிட்டுச் சும்மா இரு என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த ஒரு காரியத்தையாவது உருப்படியாகச் செய்தால் தை மாதம் நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்றும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னீர்கள். அப்பளத் தட்டு அப்போதுதான் அடுக்களை வாசலை விட்டு நகர்ந்தது.

ஆகையால் மச்சான், நான் வாங்கப் போனது காசை இல்லை, என் பெண்ணின் கல்யாணத்தை. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஊர் திரும்பித் தங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை, தந்தி வந்தது. மூவாரிலிருந்து யாரோ ஒரு ஆள் அதே காசைத் தேடிச் சிகாமட்டுக்கு வரப்போவதாகத் தங்களுக்குக் காற்றில் செய்தி வந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு பிடிக்கிறார்கள் என்பதற்காகத் தாங்கள் ரத்தினச் சுருக்கமாக, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தீர்கள். தபாலாபீஸ் கிளார்க் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். “நாணயம் பார்த்து வாங்கவும். அவசரம்.” அவ்வளவுதான். அவரும் தமிழர்தான். படித்துவிட்டுத் தலையை ஆட்டி, ரொம்ப நல்ல புத்திமதி என்று சொல்லிக் கொடுத்தார்.

மச்சான், நானும் அப்படித்தான் நினைத்தேன். தாங்கள் படித்தவர், காசை நாணயம் என்பீர்கள். நாங்கள் இங்கே காசைக் காசு என்றுதான் சொல்கிறோம். நாணயம் என்பது மனிதனிடம் இருப்பது. சொன்ன சொல் தவறாதவன், எடையில் கை வைக்காதவன், மிச்சச் சில்லறையைக் கூப்பிட்டுக் கொடுக்கிறவன் நாணயமான ஆள். மச்சான் எவ்வளவு பெரிய மனிதர், காசு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, விற்கிறவள் நாணயமானவளா என்று பார்த்து வாங்கு என்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கறுப்பு ஆட்டில் நான் செய்த தப்பும் அதுதானே. ஆட்டைப் பார்த்தேன், ஆட்டுக்காரனைப் பார்க்கவில்லை. தந்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே ரயிலடிக்குப் போனேன். காசைக் கேட்கவே இல்லை. ஒரு ஆப்பம் கேட்டேன்.

தோட்டத்துப் பால் கொட்டாயில் இத்தனை வருஷம் ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதியவன் நான். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு வருகிற முகம் எது என்று வாளியைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணோடு பேச்சியம்மாளைப் பரீட்சித்தேன். முதலில் ஆப்பத்துக்கு வேண்டுமென்றே அதிகக் காசை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். அந்த அம்மாள் கரண்டியும் கையுமாகப் பிளாட்பாரம் வரை ஓடிவந்து மிச்சத்தைக் கொடுத்தாள். மறுநாள் என் குடையை மறந்தவன் போல விட்டுவந்தேன். அடுத்த நாள் போனால் குடை இருந்தது, அதில் ரொம்ப நாளாக இருந்த கிழிசல்தான் இல்லை. தைத்துவைத்திருந்தாள். ஆப்பம் வேகவில்லை என்று பொய்யாகக் குறை சொன்னேன். உடனே வேறொன்று ஊற்றினாள். அதையும் தின்றேன். நாணயத்தைப் பரீட்சிக்கப் பரீட்சிக்க என் வேட்டி இடுப்பில் சுற்று குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக, தேங்காய்ப்பால் இன்றைக்கு எடுத்ததா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு இந்த ஜொகூர் ராஜ்யத்தில் எந்தக் கடைக்காரனும் உண்மை சொல்ல மாட்டான். பேச்சியம்மாள் சட்டியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: “இல்ல கிராணி. நேத்துத் தேங்கா. வேணும்னா தின்னு, வேணாட்டி நாளைக்கு வா லா.”

நான் உருகிப்போனேன். இதற்கு மேல் என்ன நாணயம் வேண்டும் என்று நேத்துத் தேங்காய்ப்பாலையே ஊற்றித் தின்றுவிட்டு, எட்டு மூலைக் காசை விலைக்குக் கேட்டேன். பேச்சியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அதை வெளியே எடுத்தாள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அழுக்கேறிக் கறுத்து, மூலைகளில் சேறு காய்ந்து, பார்க்க ஒரு மதிப்பும் இல்லாமல் இருந்தது. நான் பார்க்கவும் இல்லை, பேச்சியம்மாள் முகத்தைத்தான் பார்த்தேன். என்ன விலை என்றேன். இது தங்கமோ பித்தளையோ எனக்குத் தெரியாது, இரண்டு வெள்ளி கொடு, அதற்கு மேல் கொடுத்தால் நீ ஏமாந்துபோவாய் என்றாள். தான் விற்கிற பொருளைத் தானே குறை சொல்கிற வியாபாரியை நான் அதுவரை கண்டதில்லை. இருபது வெள்ளி தருகிறேன் என்றேன். உனக்குப் பித்துப் பிடித்துவிட்டதா, மூன்று கொடு போதும் என்றாள். உன் நாணயத்துக்கு மூன்று வெள்ளியா, இருபத்தைந்துக்குக் காசு குறையாது என்றேன். வேண்டாம் கிராணி, ஐந்துக்கு மேல் ஒரு காசு வாங்க மாட்டேன் என்று காசை மறுபடியும் முடியப் போனாள். சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். சிகாமட்டில் இப்படி ஒரு பேரத்தை அவர்களும் கண்டதில்லை, வாங்குகிறவன் ஏற்றுகிறான், விற்கிறவள் இறக்குகிறாள். கடைசியில் ஜெயித்தது நான்தான். இருபத்தைந்தையும் அந்த அம்மாள் கையில் திணித்தேன். எப்போது பிடிக்கவில்லை என்றாலும் கொண்டுவந்து கொடு, உன் பணம் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கும் என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து காசைச் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் பத்திரப்படுத்தினேன். அங்கம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் மச்சான். ஆனால் ரயிலடிக்குப் போய் வருகிற நாளெல்லாம் வீட்டில் நான் சரியாகச் சாப்பிடாததால், தங்கள் தங்கை ஏற்கெனவே என்னோடு பேச்சைக் குறைத்திருந்தாள். ரயிலடியில் அப்படி என்ன ஆப்பம் என்று ஒருநாள் கேட்டதற்கு, ஆப்பத்துக்காக இல்லை, அந்த அம்மாளின் நாணயத்துக்காகப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அன்றோடு மிச்சப் பேச்சும் நின்றுபோனது.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. நான் காலையிலேயே ரயிலடிக்குப் போய்விட்டேன். பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டதே, பிறகு எதற்குப் போனேன் என்று கேட்பீர்கள். நாக்கு பழகிவிட்டது. அந்த நேரத்தில் அங்கம்மா வெள்ளிக்கிழமை வழக்கப்படி விளக்கு, தாம்பாளம், சொம்பு எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் துலக்க உட்கார்ந்திருக்கிறாள். மாடத்தைத் துடைக்கும்போது குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒரு அழுக்குக் காசு அகப்பட்டிருக்கிறது. சாமி பக்கத்தில் இருக்கிற காசு அழுக்காக இருக்கலாமா? தங்கள் தங்கையின் கை எப்படிப்பட்டது என்று தங்களுக்கே தெரியும், அண்டாவின் அடியில் முகம் பார்க்கலாம். பழம்புளி போதாது என்று புதுப்புளி கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். அழுக்குப் போனது, கறுப்புப் போனது, உள்ளிருந்து மஞ்சளாக எட்டு மூலை எழுந்து வந்திருக்கிறது. அங்கம்மா மூலைகளை எண்ணியிருக்கிறாள். எட்டு! அஷ்டலட்சுமி! வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்கென்று யாருக்கும் சொல்லாமல் அஷ்டலட்சுமி காசு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாரே, இவர் மேல் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அழுதுவிட்டாளாம். அந்த அழுகையோடு காசை எடுத்துக்கொண்டு நேரே நகை செய்யும் வேலு ஆசாரி பட்டறைக்குப் போயிருக்கிறாள்.

நான் வயிறு நிறைந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் செல்லம் நின்றாள். கழுத்துச் சங்கிலியில் புது வளையம் வைத்து அந்தக் காசு தொங்கியது. வெயில் பட்டுப் பளபளவென்று, சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. தங்கள் தங்கை பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பருப்பு ரசம் வைத்திருந்தாள். நான் ஒன்றும் விளங்காமலே சந்தோஷப்பட்டேன். செல்லாக்காசு என்று பெயர் வாங்கியவன் வீட்டில் பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரே நேரத்தில் சிரித்தால் காரணம் கேட்கத் தோன்றுமா? அப்போதுதான் தபால்காரர் தங்கள் விவரமான கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

எல்லோரும் கேட்கட்டும் என்று நானே உரக்கப் படித்தேன். முதல் வரியில் ‘நாணயம் என்று நான் குறிப்பிட்டது அந்தக் காசை’ என்று இருந்தது. அங்கேயே என் குரல் பாதியாகக் குறைந்தது. காசின் இரண்டு முகத்திலும் எழுத்து தெளிவாக நிற்கிறதா, மூலைகள் மழுங்காமல் இருக்கின்றனவா, யாராவது வெட்டியோ வழித்தோ இருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். துளையோ வளையமோ வைத்து நகையாக மாட்டிய காசு என்றால் தொடவே வேண்டாம், அது வெறும் பொன் எடைக்குத்தான் போகும் என்று எழுதியிருந்தீர்கள். நான் செல்லத்தின் கழுத்தைப் பார்த்தேன். அடுத்த வரி: ‘எக்காரணம் கொண்டும் கழுவவோ துலக்கவோ கூடாது. எத்தனையோ காலமாகப் படிந்த அந்த அழுக்கும் கறுப்பும்தான் அதன் மதிப்பு, அது போனால் பாதி விலை போயிற்று.’ நான் அங்கம்மாவைப் பார்த்தேன். அவள் கை இன்னும் புளி நிறத்தில்தான் இருந்தது. மச்சான், தாங்கள் செய்யக்கூடாது என்று எழுதிய அத்தனையையும், தங்களிடம் கேட்டுக்கொண்டு செய்ததைப் போல, ஒன்று விடாமல் செய்து முடித்திருந்தோம்.

தங்கள் தங்கை மட்டும் அசரவில்லை. “ஏங்க, அழுக்குக்கா எங்கண்ணன் இருவத்தஞ்சு வெள்ளி குடுத்தாரு? நம்ம கிணத்தடில இருந்து ஒரு சாக்கு நான் சும்மாவே குடுத்திருப்பேனே” என்றாள். இதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் அவளுக்கே நேரடியாக எழுதவும்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காசை அப்போதுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். மூலைகள் கூராக இருந்தன. ஒரு முகத்தில் ஜாவி எழுத்து முத்து முத்தாக நின்றது. சரி, பாதியாவது தேறியது என்று திருப்பினால், மறு முகம் கண்ணாடியாக வழவழவென்று இருந்தது, அதன் நடுவில் ‘செ’ என்று ஒரு தமிழ் எழுத்து. வேலு ஆசாரியிடம் ஓடினேன். அவருக்கு ஒரே பெருமை. உரைகல்லில் தேய்த்துப் பார்த்தேன், மாற்றுக் குறையாத பொன், நிறுத்தும் பார்த்தேன், உருக்கினால் ஐந்து வெள்ளி தேறும் என்றார். பின் பக்கத்தில் ஏதோ கோணல் மாணலாகக் கீறல் கிடந்தது, அதையெல்லாம் அரம் போட்டு வழித்துச் சமமாக்கிப் பாப்பா பெயரில் முதல் எழுத்தை வெட்டினேன், கூலி வேண்டாம், கல்யாணப் பெண்ணுக்கு என் அன்பளிப்பு என்றார். அந்தக் கீறல்தான் மச்சான், ராஜா பேரோ, பட்டமோ, எதுவாக இருந்ததோ அது. ஆசாரி நேர்மையான மனிதர். அரத்தில் விழுந்த பொன் தூளைக் கூட ஒரு தாளில் மடித்துக் கொடுத்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்து முழுவதும் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. கூட்டிப் படிக்க முடிந்தால் பார்க்கவும்.

மனசு கேட்காமல் மறுபடியும் ரயிலடிக்குப் போய்ப் பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தந்தியில் இருந்த நாணயம் என்ற சொல்லையும், அதை நான் அர்த்தம் பண்ணிக்கொண்ட விதத்தையும், குடையையும், வேகாத ஆப்பத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டுச் சிரித்தாள். “அலமாக்! ஒங்க மச்சான் காசப் பாக்கச் சொன்னா, நீ இத்தன நாளா என் மூஞ்சியப் பாத்தியா கிராணி?” என்றாள். நின்றுகொண்டிருந்த ரயிலில் ஜன்னல் ஜன்னலாகத் தலை நீண்டு சிரித்தது. பிறகு அவள் எழுந்து வீட்டுக்குப் போய் இருபத்தைந்து வெள்ளியையும் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்க மாட்டேன் என்றேன், காசைக் கெடுத்தது நாங்கள். தங்கமா பித்தளையா தெரியாமல் விற்ற பாவம் எனக்கு வேண்டாம் என்றாள் அவள். ரயில் புறப்படும்வரை சண்டை நடந்தது. கடைசியில் தான் முதலில் கேட்ட இரண்டு வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு இருபத்து மூன்றை என் பையில் போட்டாள்.

ஆகவே மச்சான் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அந்த இருபத்து மூன்று வெள்ளியோடு என் கையிலிருந்து இரண்டு போட்டு மணியார்டர் செய்கிறேன். எட்டு மூலைக் காசையும் வளையத்தோடு இந்த உறைக்குள் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன், ஏதோ ஒரு மூலையில் போட்டு வைக்கவும். செல்லம் சங்கிலியிலிருந்து அதைக் கழற்றிக் கொடுப்பதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் இன்னும் வரவில்லை. தை மாதப் பேச்சை இனி எடுக்க எனக்கு வாய் இல்லை. தாங்கள் வைத்த பரீட்சையில் நான் தோற்றுவிட்டேன். செல்லாக்காசு என்று தாங்கள் சொன்னது சரிதான் என்று எழுதவே உட்கார்ந்தேன், ஆனால் எழுதும்போது என் பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது. பொருள் பார்க்கத் தெரியாதது அப்பன்தான். அவள் அப்படி இல்லை, மனோகரனைச் சரியாகத்தான் பார்த்து வைத்திருக்கிறாள். அவனுக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பதாக இருந்தால் எங்களுக்குக் கொஞ்ச நாள் தெரியாமல் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், தங்கள் பெட்டிகளில் இருக்கும் அழுக்குப் போகாத எல்லாக் காசுகளுக்கும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மைத்துனன்,
பெ. காளியப்பன்.

பி.கு: மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். உறையில் காசைத் தேட வேண்டாம், இல்லை. மணியார்டருக்கும் காத்திருக்க வேண்டாம், வராது.

கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் வாசலில் மனோகரன் நிற்கிறான். காசைத் தபாலில் நம்ப முடியாமல் தாங்கள்தான் பூதக்கண்ணாடியும் கொடுத்துக் காலை ரயிலில் அனுப்பினீர்களாமே. சொல்லியிருந்தால் கோழி அடித்திருப்பேன். ஒளித்துப் பயனில்லை என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். பையன் காசைப் பார்க்க வேண்டும் என்றான். செல்லத்தைக் கூப்பிட்டேன். சங்கிலியின் கொக்கி கழலவில்லை என்று கழுத்தோடுதான் வந்தாள். அந்தக் கொக்கி அப்படி ஒன்றும் கழலாத கொக்கி இல்லை. சங்கிலி எட்டுகிற தூரத்துக்குக் காசை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மனோகரன் கண்ணாடியை வைத்து ஜாவி எழுத்தைப் பார்த்தான், திருப்பி ‘செ’யைப் பார்த்தான், பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணாடி காசைவிட்டு மேலே போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அங்கம்மா இருமிய பிறகுதான் இறங்கிவந்தது.

தேறுமா மாப்பிள்ளை என்று கேட்டேன், பழக்கத்தில் அந்த வார்த்தை வந்துவிட்டது. அவன் பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சொன்னான்: “மாமா, அப்பா பொட்டில நூறு காசு இருக்கு. ஒன்னுலகூட ‘செ’ கெடையாது. இந்த மாதிரி இன்னொன்னு ஒலகத்துலயே இருக்காது. ஆனா இதக் கழட்ட வேணாம், கழுத்தோடயே கூட்டிக்கிட்டுப் போறேன்.”

ஆக, தாங்கள் தேடிய காசு தங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. கொஞ்சம் தாமதமாக, மேளத்தோடு வரும். இருபத்து மூன்று வெள்ளியைப் பேச்சியம்மாளிடமே முன்பணமாகக் கொடுத்துவிட்டேன், நிச்சயதார்த்தத்துக்கு ஊர் முழுக்க ஆப்பம். தேங்காய் அன்றைக்கு உடைத்ததாக இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் சரியாக இருக்கும். தாங்கள் தந்தியில் சொன்னபடி நாணயம் பார்த்துத்தானே வாங்கினேன்.

பதில் தந்தியில் வரட்டும், ‘சம்மதம்’ என்ற ஒரே சொல் போதும். கிளார்க் எழுத்துக் கூட்டும்போது தவறிப்போய் அதைச் ‘சம்மந்தம்’ என்று படித்தாலும் இந்தத் தடவை எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.